பூங்காவும் பொதுஜனமும்

1859-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியின் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன், கோட்டைக்கு வடக்கே நெருங்கிக் கிடந்த தெருக்களில் காற்றும் வெளிச்சமும் போதாமல் வாழ்ந்த ஜனங்கள் மாலை வேளைகளில் உலாவவும் இளைப்பாறவும் விசாலமான ஓர் இடம் வேண்டுமென்று கருதி, நகரத்தின் மேற்குப் பக்கத்தில் 116 ஏக்கர் நிலத்தைப் பொதுப் பூங்காவுக்கென ஒதுக்குவித்தார். ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். பதினொரு குளங்களும், ஐந்தரை மைல் நீளமுள்ள சாலைகளும், வாத்தியக் கோஷ்டிக்கு ஒரு மேடையும், பொதுமக்கள் நீராட ஒரு குளிப்பிடமும் அதனுள்ளே அமைந்தன. எட்வர்ட் பால்பர் என்ற டாக்டர் 1855 முதல் எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் வைத்து வளர்த்து வந்த மிருகங்களும் 1863-ல் அங்கே கொண்டுவரப்பட்டன. அது முதல், பாடம் செய்த உடல்களை வைத்திருந்த பொருட்காட்சிசாலையைச் ‘செத்த காலேஜ்’ என்றும், இந்த மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் ஜனங்கள் அழைத்தார்கள். பட்டணம் பார்க்க வந்தவர்கள் இவ்விரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பினால் பட்டணம் பார்த்ததாகவே எண்ணப்படவில்லை.

அந்த 116 ஏக்கர் என்ன ஆயிற்று என்பதை விசாரிப்பது, நகரப் பூங்காக்களைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் முதற் பாடமாகும். 1880-களில் அதன் ஒரு பகுதியில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. நாடகமும் சங்கீதமும் பொதுக்கூட்டமும் நடத்த நகரத்துக்கு ஒரு மண்டபம் தேவையாக இருந்தது உண்மை. பிராட்வே பகுதியில் தெருவோரத்தில் கடை விரித்திருந்த சில்லறை வியாபாரிகளுக்கு நிலையான இடம் தரும் நோக்கத்தோடு 1900-ல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது; அதுவும் பூங்கா நிலமே. 1913-ல் நகராண்மையின் ரிப்பன் மாளிகை வெண்ணிறத்தில் நிமிர்ந்தது. பின்னர் விளையாட்டரங்கம் வந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையானபின் அந்த மனையில் ரயில்வேயின் கட்டிடம் வந்தது. மிருகங்கள் அதே ஆண்டில் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. இவற்றில் எதையும் தீய எண்ணத்தோடு செய்த காரியம் என்று சொல்ல முடியாது. மண்டபம், சந்தை, நகராண்மைக் காரியாலயம், விளையாட்டரங்கம், ரயில் நிலையம் ஆகிய ஒவ்வொன்றும் பொது நன்மைக்காகவே கட்டப்பட்டது. ஆனால் ஒவ்வொரு நன்மைக்கும் நிலம் தேடியவர்களுடைய கண்ணில் முதலில் பட்டது பூங்காவே. ஏனெனில் அங்கே அப்புறப்படுத்தக் குடியிருப்பு இல்லை, நஷ்டஈடு கேட்க உரிமையாளர் இல்லை, ‘கூடாது’ என்று வழக்காட யாருக்கும் அதிகாரம் இல்லை. இப்போது அந்த வட்டாரத்தில் எஞ்சியிருப்பது ரிப்பன் மாளிகையின் அருகே ‘மை லேடீஸ் கார்டன்’ என்று வழங்கிய சிறு தோட்டமும், பூங்கா நகர் என்ற பெயருமே.

பூங்காவை அழிப்பவர் பேராசை கொண்ட தனிமனிதர் என்று பொதுவாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அத்தகையவர்கள் உண்டு, எனினும் சரித்திரத்தை நிதானமாகப் படிக்கும்போது, தனியார் ஆக்கிரமிப்பைவிட நல்ல காரியங்களுக்கு இரையான பூங்காக்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. செனாய் நகரில் உள்ள திரு.வி.க. பூங்கா, மெட்ரோ ரயில் சுரங்க வேலைக்காக 2011-ல் மூடப்பட்டு, பத்தாண்டுகளுக்கு மேல் ஜனங்களுக்கு எட்டாமல் இருந்தது. மெட்ரோ ரயில் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆயினும், மூடிய அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஊஞ்சலாடிய ஐந்து வயதுக் குழந்தை, பூங்கா திரும்பத் திறப்பதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் பருவத்தை எட்டிவிட்டது. அந்தக் குழந்தைக்குச் சேர வேண்டிய மாலைப் பொழுதுகள் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் கணக்கில் ஏறவில்லை. பூங்காவினால் விளையும் நன்மை ஆயிரக்கணக்கானோரிடையே சிறிது சிறிதாகப் பரவிக் கிடப்பது. கட்டிடத்தினால் விளையும் நன்மையோ ஓரிடத்தில் குவிந்து, பெயர்ப்பலகையோடு நிற்பது. இவ்விரண்டையும் தராசில் வைக்கும்போது பரவிக் கிடப்பது எப்போதும் எடை குறைந்ததாகவே தெரியும். ஆகவே அந்தப் பரவிய நன்மையைப் பேசுவதற்கென்று மனிதர்கள் சேர்ந்து நிற்காவிட்டால் பூங்கா நிலைப்பதில்லை.

டிரெவெலியன் சென்னையில் பூங்கா அமைத்த அதே காலத்தில், அவருடைய தாய்நாட்டில் நடந்த ஒரு போராட்டத்தை இதன் அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். லண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் வனம் என்று ஒரு பழங்காடு உண்டு. அதன் நிலச்சுவான்தார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டு விற்கத் தொடங்கினார்கள். பக்கத்திலிருந்த ஹைனால்ட் என்ற காடு 1851-க்குப்பின் சட்டத்தின் துணையோடு வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. எப்பிங்குக்கும் அதே கதி நேரும் போலிருந்தது. அங்கே லௌட்டன் என்ற கிராமத்தில் தாமஸ் வில்லிங்கேல் என்று ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். குளிர்காலத்தில் மரங்களின் கிளைகளைக் கழித்து விறகாகக் கொள்ளும் பாத்தியம் அந்தக் கிராமத்தாருக்கு நெடுங்காலமாக இருந்து வந்தது. நவம்பர் 11-ஆம் தேதி நள்ளிரவில் ஒருவராவது சென்று முதற் கிளையை வெட்டினால்தான் அந்த ஆண்டுக்குப் பாத்தியம் நிலைக்கும் என்பது அவ்வூர் ஐதீகம். நிலச்சுவான்தார் வேலியிட்ட பின்னும் வில்லிங்கேல் கோடரியோடு காட்டுக்குள் சென்றார். அவர் குடும்பத்து இளைஞர்கள் சிறை சென்றார்கள்.

1865-ல் லண்டனில் தோன்றிய பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் இந்த ஏழைத் தொழிலாளியின் வழக்கை எடுத்துக்கொண்டது. 1870-ல் வில்லிங்கேல் இறந்ததோடு அந்த வழக்கு நின்றுபோயிற்று என்றாலும், போராட்டம் நிற்கவில்லை. லண்டன் நகராண்மை தன் மயானத்துக்காக அந்த வனத்தை ஒட்டி நிலம் வாங்கியிருந்தது. அந்த நிலத்தோடு சேர்ந்து காடு முழுவதிலும் கால்நடை மேய்க்கும் பாத்தியமும் அதற்குக் கிடைத்திருந்தது. அந்த மேய்ச்சல் பாத்தியத்தையே ஆயுதமாகக் கொண்டு நகராண்மை தொடுத்த வழக்கில், 1851-க்குப் பின் இடப்பட்ட வேலிகள் எல்லாம் சட்டவிரோதமானவை என்று 1874-ல் தீர்ப்பாயிற்று. 1878-ல் இயற்றப்பட்ட சட்டம் அந்த வனத்தை வேலியின்றிப் பொதுஜனங்களின் உல்லாசத்துக்கென்றே என்றென்றைக்கும் வைத்திருக்க வேண்டுமென்று விதித்தது. லௌட்டன் கிராமத்தார் கிளை கழிக்கும் பாத்தியத்தை விட்டுக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாகக் கிடைத்த தொகையில் 1884-ல் அவ்வூரில் ஒரு பொது மண்டபம் கட்டப்பட்டது. ஏறத்தாழ 6,000 ஏக்கர் கொண்ட அந்த வனம் இன்றும் லண்டன்வாசிகளுக்கு உரியதாக இருக்கிறது.

சென்னைப் பூங்கா ஒரு கவர்னரின் நல்லெண்ணத்தினால் வந்தது. அவர் ஓராண்டுக்குச் சிறிது மேற்பட்ட காலமே பதவியில் இருந்து, புதிய வரிகளைப் பகிரங்கமாக எதிர்த்த காரணத்தால் 1860-ல் திருப்பி அழைக்கப்பட்டார். அவரோடு அந்த நல்லெண்ணமும் கப்பலேறிற்று. எப்பிங் வனமோ அதை அன்றாடம் உபயோகித்தவர்களின் பாத்தியத்தினால் காக்கப்பட்டது. விறகு வெட்டும் பாத்தியம் போராட்டத்துக்கு வித்தாயிற்று; மாடு மேய்க்கும் பாத்தியம் நியாயஸ்தலத்தில் செல்லும் ஆதாரமாயிற்று. இதிலிருந்து நான் கொள்ளும் முடிபு இது: பூங்காவை அனுபவிப்பது ஒரு காரியம், காப்பது மற்றொரு காரியம் என்று பிரித்து வைப்பது தவறு. அனுபவிப்பவர்களுக்குச் சட்டம் அங்கீகரிக்கும் ஸ்தானம் இருக்கும் இடத்தில் பூங்கா பிழைக்கிறது; அந்த ஸ்தானம் இல்லாத இடத்தில், எத்தனை பேர் அதை நேசித்தாலும், அது கரைந்து போகிறது.

நம் தேசத்தில் இந்த ஸ்தானம் குடிமக்களுக்குக் கிடைத்த வரலாறு சமீப காலத்தது. பெங்களூரில் ராஜ்மஹால் விலாஸ் விஸ்தரிப்பில் பூங்காவுக்கென வரைபடத்தில் ஒதுக்கப்பட்டிருந்த ஒரு மனையை, 1970-களில், முதலமைச்சரின் உத்தரவின் பேரில் ஆஸ்பத்திரி கட்டுவதற்காக ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள். இங்கும் பூங்காவின் எதிரே நிறுத்தப்பட்டது ஒரு நல்ல காரியம் என்பதைக் கவனிக்க வேண்டும். சுற்றுப்புறத்துக் குடித்தனக்காரர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். மனை உங்களுடையதல்ல, உங்கள் சொந்த ஆஸ்தி எதுவும் பறிக்கப்படவில்லை, நீங்கள் யார் கேட்பதற்கு என்பதே எதிர்த்தரப்பின் முக்கிய வாதம். 1991-ல் சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளிற்று. ஒரு வட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு அவ்வட்டாரத்தின் திறந்தவெளியில் நேரான அக்கறை உண்டு. அது பறிபோனால் பாதிக்கப்படுகிறவர்கள் அவர்களே. ஆகவே கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். எட்டு ஆண்டுகள் கழித்து லக்னோவில் இதைவிடக் கடுமையான ஒரு பரிகாரம் நேர்ந்தது. அமீனாபாத் கடைத்தெருவின் நடுவே, சுதந்திரப் போராட்டத்தோடு சம்பந்தமுள்ள ஜண்டேவாலா பூங்காவின் அடியில், நகராண்மையே ஒரு தனியாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு தரைகீழ் வணிக வளாகம் கட்டத் தொடங்கியிருந்தது. 1999-ல் சுப்ரீம் கோர்ட் அந்தக் கட்டிடத்தை இடித்துப் பூங்காவை முன்போல் ஆக்கிவிட உத்தரவிட்டது. நகராண்மை பூங்காவின் எஜமானன் அல்ல, பொதுஜனங்களுக்காக அதை வைத்துக் காக்கும் தர்மகர்த்தா மாத்திரமே என்ற தத்துவம் அதனால் ஊர்ஜிதமாயிற்று.

தமிழ்நாட்டில் 1959-லேயே பூங்காக்கள், விளையாட்டு மைதானங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பாதுகாப்பதற்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய இடங்களுக்கு ஜாபிதா தயாரிக்க வேண்டும். ஜாபிதாவில் ஏறிய இடத்தை அரசாங்கத்தின் அனுமதியின்றி வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாகாது என்பவை அதன் முக்கிய விதிகள். நல்ல சட்டந்தான். ஆனால் ‘அரசாங்கத்தின் அனுமதியின்றி’ என்ற சொற்களே அனுமதி பெற்றால் மாற்றலாம் என்பதற்கும் இடம் தருகின்றன. அதைத் தடுக்க வல்லது விழிப்புள்ள ஜனங்களின் கவனம் ஒன்றே. ஜாபிதாவே சரியாக இருக்கிறதா என்பது அதற்கும் முந்திய கேள்வி. இக்கால நகரமைப்பு விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவர் நூற்றுக்குப் பத்துப் பங்கு நிலத்தைத் திறந்தவெளியாக விட்டுத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். காகிதத்தில் அது பூங்கா. நேரில் போய்ப் பார்த்தால், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். கட்டிட இடிபாடுகள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். பக்கத்து மனைக்காரர் தம் காரை நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டிருப்பார். அங்கே வீடு வாங்கியவர்களில் பலருக்கு அந்நிலம் தங்களுக்கென விடப்பட்டது என்பதே தெரியாது.

வழக்கு என்பது வியாதி முற்றிய பின் செய்யும் சிகிச்சை. அதற்கு முந்தியது அன்றாடம் பூங்காவில் கால் வைப்பது. இதற்கு மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வரராவ் பூங்காவை ஒரு திருஷ்டாந்தமாகச் சொல்லலாம். அமிர்தாஞ்சனத்தை 1893-ல் தோற்றுவித்தவரும், ஆந்திர பத்திரிகையை நடத்தியவரும், தேசோத்தாரகர் என்று கொண்டாடப்பட்டவருமான காசீநாதுனி நாகேஸ்வரராவ் வசித்த இல்லத்துக்கு அருகில், ஒரு காலத்தில் குட்டையாகக் கிடந்த இடத்தில் அமைந்தது அது. பல ஆண்டுகளாகச் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் அதன் பராமரிப்பை ஏற்று நடத்தி வருகிறது. ஆனால் அதைப் பூங்காவாக வைத்திருப்பது பராமரிப்பு மட்டுமல்ல. விடியற்காலையில் வந்து நடக்கிறவர்கள், சதுரங்கப் பலகையோடு வருகிற சிறுவர்கள், பெஞ்சியில் அமர்ந்து பத்திரிகையைப் பங்கிட்டுப் படிக்கும் பென்ஷன்தாரர்கள், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் இளம் வித்வான்களின் சிறு கச்சேரி என்று பல வகை உபயோகங்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிட்டன. மைக் இல்லாததால் கேட்பவர்கள் நெருங்கி உட்காருகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் அடுத்த மாதம் முகம் பார்த்துத் தலையசைக்கிறார்கள். நாளை யாரேனும் அந்தப் பூங்காவின் ஒரு மூலையை வேறு காரியத்துக்குக் கேட்டால், அரை மணி நேரத்தில் இருநூறு பேர் வாயிலில் நிற்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் உள்ள மரப்பூங்கா வேறு விதமானது. குப்பையும் இடிபாடும் கொட்டப்பட்டுக் கிடந்த பொதுப்பணித்துறை நிலத்தில், நிழல் என்ற குடிமக்கள் அமைப்பின் தொண்டர்கள் நாட்டு மரங்களை நட்டு வளர்த்து உண்டாக்கியது அது. இங்கே பூங்கா முதலில் வந்து ஜனங்கள் பிறகு வரவில்லை. ஜனங்களின் உழைப்பே பூங்காவாயிற்று. இத்தகைய இடத்தில் ஒரு காலை வேலை செய்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். இளம் புங்கனைச் சுற்றிப் பாத்தி கட்டும்போது மண்வெட்டி இரண்டு அங்குலம் இறங்கியவுடன் செங்கல் துண்டில் மோதி நிற்கும்; அதைக் கையால் பிடுங்கினால் அடியில் பிளாஸ்டிக் உறை, அதற்கும் அடியில் காரைக்கட்டி. குழிக்குச் சேர்க்கிற எருவைவிடக் குழியிலிருந்து எடுத்தெறிகிற குப்பை அதிகமாக இருக்கும். சருகைப் பெருக்கி எரிக்காமல் மரத்தடியிலேயே மூடாக்காகப் பரப்ப வேண்டும். மூங்கில் முட்டுக்குக் கயிறு கட்டும்போது பட்டையை அறுக்காதபடி தளர்த்திக் கட்ட வேண்டும். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசியிருந்தால் அதை உடைத்து வேருக்குக் காற்றும் நீரும் இறங்க வழி செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் தன் கையால் செய்த ஒருவர் அந்த மரத்தில் விளம்பரத் தகட்டுக்கு ஆணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா போகமாட்டார்.

2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியபோது, அழகுக்காக நட்ட குல்மோஹர் போன்ற அயல் மரங்கள் எளிதில் சாய்ந்தன என்பதையும், பூவரசும் புங்கனும் வேம்பும் ஓரளவு தாக்குப்பிடித்தன என்பதையும் நகரவாசிகள் கண்ணால் கண்டார்கள். எந்த மரத்தை எங்கே நடுவது என்பது தோட்டக்கலை அதிகாரிகளுக்கு மாத்திரம் உரிய ரகசியமல்ல என்ற எண்ணம் அதற்குப்பின் சற்று வலுத்தது. பூங்கா என்றால் புல்தரையும் பூச்செடி வரிசையும் பதிகல் பாவிய பாதையுமே என்ற அபிப்பிராயம் இன்னும் மாறவில்லை. எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்து நடைபாதை அமைப்பதில் காட்டுகிற ஆர்வத்தில் பாதியைத் தரை நீர் குடிப்பதற்கு இடம் விடுவதில் காட்டினால் போதும்.

இதுவரை ‘ஜனங்கள்’ என்று ஒரே சொல்லாகச் சொல்லிவந்தேன். அச்சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்ற கேள்விதான் இந்த விஷயத்தில் மிகவும் கடினமானது. பல ஊர்களில் பூங்காக்கள் காலை பத்து மணியளவில் பூட்டப்பட்டு மாலை நான்கு மணிக்குமேல் திறக்கப்படுகின்றன. நடைப்பயிற்சிக்காரர்களுக்கு இந்த நேரம் மிகவும் சௌகரியம். ஆனால் நிழல் அதிகம் தேவைப்படுவது எப்போது? சித்திரை வெயிலில் பகல் ஒரு மணிக்குப் பூங்காவின் சுற்றுச்சுவரை ஒட்டி, உள்ளிருந்து வெளியே நீண்ட ஒரு கிளையின் நிழலில், எவர்சில்வர் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடும் கட்டிடத் தொழிலாளப் பெண்களை யாரும் பார்க்கலாம். இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் உட்கார இடமில்லாத பணிப்பெண், உணவுப் பொட்டலத்தை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞன், ஆட்டோவை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணயர விரும்பும் ஓட்டுநர் ஆகியோருக்கு அந்தப் பூட்டிய கதவின் உள்ளே காலியாகக் கிடக்கும் பெஞ்சிகள் தெரிகின்றன. பூட்டுவதற்குச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. சில இடங்களில் அந்தக் கோரிக்கையை வைத்தது குடியிருப்போர் நலச் சங்கமே. சமூகத்தின் பங்கேற்பு என்ற அழகிய சொல், சமூகத்தில் ஒரு பகுதியாரின் பங்கேற்பாகச் சுருங்கிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் காவல் காக்கிறார் என்பதனால் பூங்கா அவர் வீட்டுப் பின்கட்டாகிவிடாது.

நியூயார்க் நகரமும் இந்தச் சிக்கலை அறியும். 843 ஏக்கர் பரப்புள்ள சென்ட்ரல் பார்க், 1970-களில் நகராண்மை கடனில் மூழ்கியபோது பாழடைந்து கிடந்து, 1980-ல் தோன்றிய ஒரு குடிமக்கள் ஸ்தாபனத்தின் முயற்சியால் மீண்டது. ஆனால் செல்வந்தர் வாழும் வீதிகளை ஒட்டிய பூங்காவுக்கு நன்கொடை குவிவதுபோல் ஏழைகளின் வட்டாரத்துப் பூங்காவுக்குக் குவியாது. அந்த ஏழை வட்டாரங்களில், இடிந்த வீடுகளின் மனைகளில் அங்குள்ளோரே 1973 முதல் போட்டு வளர்த்த சிறு தோட்டங்களை, 1999-ல் நகராண்மை ஏலத்துக்கு விட முனைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களை இரண்டு பொதுநல ஸ்தாபனங்கள் விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்ற நேர்ந்தது. கால் நூற்றாண்டு காலம் மண்ணைப் பண்படுத்திய கைகளுக்கு, எழுத்தில் உரிமை இல்லாத காரணத்தால், அந்த மண் சொந்தமாகவில்லை.

பங்கேற்பு ஒரு சிலரின் ஆதிக்கமாக மாறாமலிருக்க என்ன செய்யலாம் என்பதற்கு வெளிநாட்டு உதாரணங்களையே தேடவேண்டியதில்லை. உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துச் சாசனங்கள் இரண்டு உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையால் ஆட்களைத் தேர்ந்து, அவர்களைச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று பகுத்த ஏற்பாட்டை அவை விவரிக்கின்றன. தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். ஓராண்டு பணி செய்தபின் விலக வேண்டும்; முந்திய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் மறுபடி நிற்கக் கூடாது; கணக்குக் காட்டாதவர் தாமும் நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. அந்தத் தோட்டங்கள் இக்காலப் பூங்காக்கள் அல்ல. அந்தச் சபையில் இடம் பெற்றவர்களும் வேதம் பயின்ற, நிலமுடைய ஒரு வகுப்பாரே. பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையை மறைத்து அச்சாசனத்தைப் போற்றுவது நேர்மையாகாது. ஆயினும் சுழற்சி, கால வரம்பு, கணக்குப் பொறுப்பு ஆகிய மூன்றும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டவை. பதினைந்து வருஷமாக ஒரே தலைவரும் ஒரே செயலாளரும் நடத்தும் நலச் சங்கங்கள், பூங்காவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்ளும் சங்கங்கள், அந்த விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும்.

இக்காலத்து வாரியத்துக்கு ஒரு வாய்ப்பு இப்போது ஏற்பட்டிருக்கிறது. 1992-ல் நிறைவேறிய அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம், பூங்காக்களையும் தோட்டங்களையும் விளையாட்டு மைதானங்களையும் நகராட்சிகளின் பொறுப்பு வரிசையில் வைத்தது. பெரிய நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டுமென்றும் விதித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2022-ல் தமிழ்நாட்டில் வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வெளியாகி, அவ்வாண்டு நவம்பர் முதல் தேதியன்று பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராமசபையைப்போலவே வாக்காளர் எவரும் அதில் அமர்ந்து பேசலாம். சங்கத்துக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டியதில்லை, சொந்த வீடு இருக்க வேண்டியதில்லை. வாடகைக் குடித்தனக்காரரும், குடிசைப் பகுதிவாசியும், மாடிவீட்டுக்காரரும் ஒரே கூரையின் கீழ்ப் பூங்காவைப் பற்றிப் பேசக்கூடிய இடம் எனக்குத் தெரிந்தவரை இது ஒன்றே. லௌட்டன் கிராமத்தாருக்குக் கிளை கழிக்கும் பாத்தியம் எத்தகைய பிடிப்பைத் தந்ததோ, அத்தகைய பிடிப்பைப் பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிற ஒரு தீர்மானம் நமக்குத் தரக்கூடும். நாளை வழக்கு என்று வந்தால் அந்தக் குறிப்பு சாட்சி சொல்லும். ஆனால் கூட்டத்துக்குப் பத்துப் பேர் வந்து கையெழுத்திட்டுக் கலைந்தால் அந்தச் சபையும் விரைவில் பெயரளவில் நின்றுவிடும்.

ஆகவே வாசகர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. உங்கள் பகுதி சபையின் அடுத்த கூட்டத்துக்குச் செல்லுங்கள். உங்கள் பூங்காவின் புல எண் என்ன, வரைபடத்தின்படி அதன் பரப்பளவு எவ்வளவு, 1959-ஆம் வருஷத்துச் சட்டத்தின் ஜாபிதாவில் அது ஏறியிருக்கிறதா என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். பகல் நேரத்தில் கதவைத் திறந்து வைக்க வேண்டுமென்றும் அதே கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்.